கண்ணிக்கு வாராத கவுதாரி

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்த பாலவனத்தம், தமிழ் கற்றோர்க்கு அறிமுகம் வேண்டாத ஊராகும். 1901-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூர் ஜமீன்தார். அவர்தம் புலமையும் கொடையும் பலமுறை பேசப்பட்டவை. அவருடைய ஊரைச் சுற்றிக் கிடந்த முட்காட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. பாலவனத்தம் தொடங்கித் திருச்சுழிக் குண்டாற்றங்கரை வரை கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விளையும் புன்செய். அவற்றிடையே கண்மாய்க் கரை, மந்தை, தரிசு, உடைமரப் புதர். இந்நிலத்தின் பழங்குடிகளுள் ஒன்று கவுதாரி. அதைப் பிடிக்க மனிதன் பட்ட பாடு சங்க காலம் முதல் தொடர்ந்து வருவது.

கவுதாரி கோழியினத்தைச் சார்ந்தது. ஓர் அடி நீளங்கூட எளிதில் எட்டாத சிறு பறவை. வடமொழியில் இவ்வினத்தைத் தித்திரி என்பர். யசுர் வேதத்தின் ஒரு பிரிவாகிய தைத்திரீயம் இதன் பெயரைத் தாங்கியிருப்பது பறவைக்குக் கிடைத்த பெரும்பேறே. 1789-இல் ஜெர்மானிய அறிஞர் க்மெலின் நம் நாட்டுக் கவுதாரிக்கு இட்ட அறிவியற் பெயரில் புதுச்சேரியின் பெயர் இணைந்துள்ளது. வேதமும் விஞ்ஞானமும் இங்ஙனம் சிறப்பித்த பறவையை ஊர் மக்கள் அறிந்தது கறியாகவும், சண்டைப் பறவையாகவுமே.

சங்க நூல்களில் சிவல், இதல், குறும்பூழ் என்னும் பெயர்கள் பயில்கின்றன. இதல் என்பதற்குச் சிவல் என்றும் காடை என்றும் அகராதிகள் பொருள் கூறும். 1894-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாடல்கள் இங்கு எண்ணத்தக்கவை. ஆலங்குடி வங்கனார் பாடிய 319-ஆம் பாடலில், முற்றத்தில் தினையைத் தூவிப் புறாவையும் இதலையும் பிடித்து விருந்திடலாம் என்றால் பொழுது சாய்ந்துவிட்டது என்று வருந்துகிறது ஓர் எளிய வீடு. சுட்ட முயலிறைச்சியைத் தர முன்வருகிறது. இரைதூவிப் பறவை பிடிக்கும் முறை அன்றே இருந்தது என்பதோடு, மாலையில் அது பயன்படாது என்ற நுட்பமும் இதனால் விளங்கும். அடுத்த பாடல் வீரை வெளியனாருடையது. வேட்டுவன் களைத்து உறங்குகிறான். அவன் பழக்கிய பார்வை மானோடு காட்டுக் கலைமான் கூடி நிற்கிறது. அவை பிரிந்துவிடுமோ, கணவன் விழித்துவிடுவானோ என அஞ்சிய மனைவி, ஓசையின்றி ஒடுங்கி நிற்கிறாள். உலரவைத்த தினையைக் கானக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன, அவள் ஓட்டவில்லை. வேட்டுவர் குடியை இத்துணை பரிவோடு காட்டும் பாடல் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே.

இப்பாடலில் வரும் 'பார்வை' என்ற சொல் வேட்டைத் தொழிலின் திறவுகோல். பழக்கிய விலங்கைக் காட்டி அதன் இனத்தைப் பிடிப்பதே பார்வை வைத்தல். கவுதாரி வேட்டை இம்முறையை அண்மைக் காலம் வரை காத்து வந்தது. வளர்ப்புச் சேவல் ஒன்றைக் கூண்டிலிட்டுத் துணிபோர்த்தி, விடியுமுன் புதரோரம் கொண்டு வைப்பர். சுற்றிலும் குதிரைவால் மயிரால் திரித்த கண்ணிகளைத் தரையில் பதிப்பர். பிற்காலத்தில் நைலான் நரம்பு அவ்விடத்தைப் பிடித்தது. துணியை விலக்கியதும் கூண்டுச் சேவல் கூவும். தன் எல்லைக்குள் அயலான் குரல் கேட்டதென்று காட்டுச் சேவல் சினந்து பதில் கூவி, கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்து கண்ணியில் கால் வைக்கும். இரை காட்டி அழைப்பதினும் பகை காட்டி அழைப்பது வலிது என்பதை வேடர் உணர்ந்திருந்தனர்.

ஆயினும் சொல்வது போல் அது எளிதன்று. சித்திரை முதல் புரட்டாசி வரையிலான இனப்பெருக்கக் காலத்தில் எல்லைக்குப் போரிடும் சேவல், பிற திங்களில் கூட்டத்தோடு மேய்ந்து கொண்டு அயற்குரலைப் பொருட்படுத்தாது. காற்று மிகுந்த காலையில் குரலே எட்டாது. கண்ணியில் ஒருமுறை கால் பட்டுத் தப்பிய பறவை தொலைவில் நின்று கூவுமே தவிர அருகில் வாராது. இன்னும் சில, கூவாமலேயே புதருக்குள் நடந்துவந்து கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நடந்தே மறையும். கவுதாரி பறப்பதினும் ஓடுவதையே விரும்பும். வேறு வழியற்றபோதுதான் படபடவென்று எழுந்து சிறிது தொலைவு சென்று மீண்டும் முள்ளுக்குள் இறங்கும். எனவே அதனைத் துரத்துவோன் தோற்பான். காத்திருப்போன் ஒருகால் வெல்லலாம். இரவில் எம்மரத்தில் அடைகிறது, எக்கறையானை நாடிச் செல்கிறது, முதற்குரல் எத்திசையில் எழுகிறது என்று நாட்கணக்கில் கேட்டறிந்த பின்னரே கூண்டை எடுத்தனர். வேட்டையின் பெரும்பகுதி செவியால் நிகழ்ந்தது.

அமெரிக்கக் காடுகளில் வான்கோழி வேட்டையும் இத்தகையதே. அங்கு வேட்டைக்காரர் பெட்டையின் குரலைப் போன்று ஒலியெழுப்பிச் சேவலை அழைப்பர். ஆனால் இயற்கையில் சேவல் நின்று முழங்க, பெட்டையே அதனை நாடிச் செல்லும். அவ்வொழுங்கைத் தலைகீழாக்க முனைவதால், முழங்கிக்கொண்டே இருந்த இடத்தை விட்டு அசையாத சேவல்களே அங்கு மிகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிப்போன அப்பறவையை, துப்பாக்கி மீதும் தோட்டா மீதும் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த வரியும், வேட்டை உரிமக் கட்டணமும் மீட்க உதவின. பொதுநிலத்தில் உரிமம் பெற்றோர் வேட்டையாடுவது அங்கு இன்றும் உண்டு. நம் நாடு வேறு வழியில் சென்றது.

ஜமீன் காலத்தில் விளைநிலத்துக்குப் புறம்பான தரிசும் காடும் ஜமீன்தார் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. ஆடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோரும் வழக்கத்தின் வலிமையால் அவற்றுட் புகுந்தனர். 1948-ஆம் ஆண்டுச் சென்னை ஜமீன் ஒழிப்புச் சட்டம் பொதுநிலம், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம், காடு அனைத்தையும் அரசுக்கு உரியவையாக்கியது. நிலம் பொதுவாயிற்று, அதன்மேல் திரியும் பறவை எவருக்குரியது என்ற வினாவுக்கு விடை காணப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. 1887, 1912-ஆம் ஆண்டுச் சட்டங்கள் பறவைகளுக்குச் சிறிதளவே காப்பளித்தன. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உரிமத்துக்கு உட்படுத்தி, சிறுவேட்டைக்கும் பொறிவைத்துப் பிடித்தலுக்கும் தனித்தனி உரிமம் வகுத்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமங்களையே நீக்கியது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவான குற்றங்களுக்குரிய தண்டத்தின் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியது.

இச்சட்டத்தால் பெரிதும் தாக்குண்டோர் துப்பாக்கி ஏந்திய செல்வர் அல்லர். அவர்களுக்கு வேட்டை பொழுதுபோக்கு, விட்டுவிட்டால் இழப்பில்லை. குருவிக்காரர் என்றும் நரிக்குறவர் என்றும் வழங்கப்பெறும் மக்களுக்கோ அது அன்றாடச் சோறு. வாக்ரிபோலி பேசும் இம்மக்கள் பறவையினங்களின் குரலை வாயாலேயே எழுப்ப வல்லவர். இவர்தம் தொழிலைத் தடுத்த அரசு, மாற்றுத் தொழிலை அதே வேகத்தில் அளிக்கவில்லை. ஊசி, பாசிமணி விற்று அலைந்த இவர்களின் பழங்குடித் தகுதிக் கோரிக்கை நெடுங்காலம் நிலுவையில் இருந்து, 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் சட்ட வடிவம் பெற்றது. பறவையைக் காத்த சட்டத்துக்கும், மனிதனை ஏற்ற சட்டத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு. பறவை காக்கப்பட வேண்டியதே. அதற்குரிய விலையை யார் கொடுத்தனர் என்பதை வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது.

இறைச்சி விரும்புவோரின் நாவை வேறொரு பறவை ஆற்றியது. 1974-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடை, நாமக்கல் போன்ற ஊர்களின் பண்ணைகளில் பெருகிச் சாலையோர உணவகங்களின் பலகையில் இடம்பெற்றது. அழைத்தால் வாராதது, காத்திருந்து பெறுவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

காடும் மாறிவிட்டது. உடைமரம் நின்ற தரிசுகளில் சீமைக்கருவேல் படர்ந்தது. கரிமூட்டம் போடுவோர் அதனை வெட்ட, வெட்ட அது மீண்டும் தழைத்தது. திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதியில் 2016-இல் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. மானாவாரிச் சீமையின் வெற்றிடம் என்று ஏட்டில் எழுதப்படுபவை எவருக்கோ மேய்ச்சலாகவும், எதற்கோ கூடாகவும் இருந்தவை. கவுதாரி தரையிலேயே, புல் மறைவில் ஆறு முதல் எட்டு முட்டை வரை இடும். அதற்கு வேண்டுவது உழப்படாத ஒரு வரப்போரமும், கறையான் புற்றும், அடைவதற்கு ஒரு முள்மரமுமே. கண்மாய்க் கரைகளில் அவை இன்னும் எஞ்சியுள்ள இடங்களில், விடியுமுன் ஒரு சேவல் கூவ, எதிர்ப்புதரிலிருந்து மற்றொன்று பதிலளிக்கிறது. அக்குரலைக் கேட்டு அதன் வயதையும் சினத்தையும் அளந்து சொல்லத் தெரிந்த முதியோர் ஒருசிலர் இச்சீமையில் இருக்கக்கூடும். அவர்களிடமிருந்து கேட்டெழுதும் பணி இன்னும் தொடங்கப்படவில்லை.