'நீர்க்கட்டி' என்னும் பெயர் மறைத்த வரலாறு

சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் அழைக்கும் நோயின் வரலாற்றைப் படிக்கும்தோறும் ஒரு வினா என்னை விடாது தொடர்கிறது. இந்நோய்க்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவை மருத்துவர்கள் 1921-இலேயே கண்டுவிட்டனர். அவ்வுறவு மீண்டும் பேசப்பட ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. இடையில் நிகழ்ந்தது என்ன?

1921-இல் பிரெஞ்சு மருத்துவர்களான சார்ல்ஸ் அஷாரும் ஜோசப் தியேரும், ஆண்களைப் போல் முகத்தில் மயிர் வளர்ந்த பெண்களிடம் நீரிழிவும் சேர்ந்து காணப்படுவதைப் பதிவுசெய்தனர். 'தாடியுள்ள பெண்களின் நீரிழிவு' என்பது அவர்கள் இட்ட பெயர். நோயுற்றவரை நாணச் செய்யும் பெயர்தான். ஆயினும் அதனுள் கூரிய கவனிப்பு ஒன்று இருந்தது. பெண்ணிடம் இத்தகைய மயிர் தோன்றினால், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளையே அக்கால மருத்துவர்கள் முதலில் ஐயுற்றனர். இன்சுலின் ஒரு நோயாளிக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டதே 1922 சனவரியில்தான். இரத்தத்தில் அதன் அளவை அறியும் வழி அன்று எவரிடமும் இல்லை.

1935-இல் பார்வை திசைமாறியது. சிகாகோவின் இர்விங் ஸ்டீனும் மைக்கேல் லெவந்தாலும் ஏழு பெண்களைப் பற்றி எழுதினர். அவர்களுக்கு மாதவிடாய் தவறியிருந்தது; சினைப்பைகள் பருத்து, சிறு கட்டிகள் நிறைந்திருந்தன. அறுவையில் சினைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டதும் எழுவருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றனர். கண்ணால் காணத்தக்க உறுப்பு, கத்தியால் தீர்க்கத்தக்க சிக்கல், உடனே கிடைத்த பயன் ஆகிய மூன்றும் சேர்ந்து நோயைச் சினைப்பைக்குரியதாக்கின. அதன்பின் இது குழந்தைப்பேறு சார்ந்த சிக்கலாகவே பெரிதும் கருதப்பட்டது. சர்க்கரை பின்னுக்குச் சென்றது.

அதை மீட்டது ஓர் அளவீட்டு முறை. 1960-ஆம் ஆண்டையொட்டி நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கும் கதிரியக்க முறையை உருவாக்கினர். அதன் துணையால் 1980-இல் பர்கன், கிவன்ஸ், கிதாப்சி ஆகிய மூவரும் இந்நோயுள்ள பருமனான பெண்களை, நோயற்ற பருமனான பெண்களோடு ஒப்பிட்டனர். நோயுள்ளோரிடம் இன்சுலின் மிகுந்திருந்தது. ஆண்தன்மை ஹார்மோன்களான ஆண்ட்ரோஜன்களின் அளவோடு அது சேர்ந்தே உயர்ந்தது. 'எல்லாம் உடற்பருமனால் வந்தது' என்ற எளிய விடைக்கு 1989-இல் ஆண்ட்ரியா டுனைஃபின் ஆய்வு இடமளிக்கவில்லை. மெலிந்த பெண்களிடமும் இன்சுலின் எதிர்ப்பு இருந்தது.

இன்சுலின் எதிர்ப்பு என்பது, தசை முதலிய திசுக்கள் இன்சுலினின் ஆணைக்கு முழுமையாகச் செவிசாய்க்காத நிலை. ஈடுசெய்யக் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. தசை கேளாத அவ்வாணையைச் சினைப்பை கேட்கிறது; கூடுதலாக ஆண்ட்ரோஜன்களைச் சுரக்கிறது. அவற்றைப் பிணைத்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக உருவாக்குவதால் கட்டற்ற ஹார்மோன் பெருகுகிறது.

மறக்கப்பட்ட அட்ரீனலும் திரும்பி வந்தது. ஏறக்குறைய முழுவதும் அட்ரீனலிலிருந்தே வரும் டி.எச்.இ.ஏ. சல்பேட், நோயுள்ள பெண்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேரிடம் மிகுந்திருப்பது அறியப்பட்டது. 2017-இல் பர்மிங்காம் ஆய்வாளர்கள் மேலும் சென்றனர். உருவாவதற்கு அட்ரீனலின் நொதி ஒன்றைச் சார்ந்துள்ள ஒரு வகை ஆண்ட்ரோஜன்களே, இப்பெண்களின் இரத்தத்திலுள்ள ஆண்ட்ரோஜன்களில் பாதிக்கு மேல் என்றும், அவற்றுட் சில இன்சுலின் எதிர்ப்போடு தொடர்புற்றவை என்றும் காட்டினர். சுரப்பியும் சர்க்கரையும் மீண்டும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டன.

நாம் இன்றும் வழங்கும் பெயர் 1935-இன் பார்வையைச் சுமந்து நிற்கிறது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிர்ச்சி தடைப்பட்டு நின்ற கருமுட்டை நுண்ணறைகள். அவை இல்லாமலும் இந்நோய் இருக்கலாம். பெயர் தவறாக வழிநடத்துகிறது, அதை மாற்ற வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய குழு 2012-இல் பரிந்துரைத்தது.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. 'கட்டி கரைந்ததா, கருத்தரித்தாளா' என்ற இரண்டு வினாக்களோடு நம் குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. திருமணமாகாத பெண்ணுக்கும், பிள்ளை பெற்று முடித்தவளுக்கும் 'இனிக் கவலையில்லை' என்று சொல்லப்படுகிறது. ஆனால் எடை எவ்வளவாயினும், வயது எதுவாயினும், நோய் உறுதியானபோதே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும், பின்னர் 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும் என்கிறது 2023-இன் பன்னாட்டு வழிகாட்டுதல். உங்கள் வீட்டுப் பெண்ணின் கையில் ஸ்கேன் அறிக்கை இருக்குமானால், சர்க்கரைப் பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 1921-இல் இருவர் கண்டதை நாம் இன்னொரு முறை மறக்க வேண்டியதில்லை.