மும்மூர்த்திகளுக்கு முகம் கொடுத்தவர்

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம் மக்களே.

தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி. கர்நாடக இசையின் மும்மூர்த்திகள். மூன்று பேரும் சேர்ந்து அமர்ந்திருக்கும் அந்தப் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சபா மேடையில், பாட்டு டீச்சர் வீட்டுச் சுவரில், மார்கழிக் கச்சேரி நோட்டீஸில், எங்கேயாவது ஓரிடத்தில் கண்ணில் பட்டிருக்கும்.

அந்தப் படத்தை வரைந்தது யார்?

பாட்டுக் கற்றுக்கொள்பவர்களிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். சாமி படத்தை யார் வரைந்தார் என்று நாம் கேட்பதில்லையே, அந்த மாதிரி.

வரைந்தவர் பெயர் எஸ். ராஜம். மயிலாப்பூர்க்காரர். 1919 பிப்ரவரி 10ல் பிறந்து 2010 ஜனவரி 29ல் மறைந்தார். வீணை மேதையும் 'அந்த நாள்' படத்தின் இயக்குநருமான எஸ். பாலசந்தரின் அண்ணன். தானே ஒரு பாடகர். கூடவே, வாழ்நாள் முழுக்க 'வாஷ்' என்கிற ஓவிய முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கலைஞர்.

இந்த வாஷ் முறை நம்ம ஊருக்கு வந்த கதை ரொம்ப சுவாரசியமானது. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கேமரா என்ற விஷயம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839ல், பாரிஸில். சியாமா சாஸ்திரி மறைந்தது 1827ல். தீட்சிதர் 1835ல். தியாகராஜர் 1847 வரை திருவையாற்றில் இருந்தார் என்றாலும், அவரையும் யாரும் போட்டோ எடுக்கவில்லை.

ஆக, இன்று நம் மனசில் பதிந்திருக்கும் அந்த மூன்று முகங்களும் ஒரு ஓவியர் யோசித்து, உணர்ந்து, நமக்குத் தந்தவை.

சரி, வாஷ் என்றால் என்ன?

எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பு இருக்கும். காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அங்கேதான் கற்றுக்கொள்வோம். கண்ணாடி ஸ்லைடில் சளியைத் தடவிக் காயவைத்து, சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடு காட்டுவோம். பிறகு கழுவுவோம். அதன்பின் அமிலத்தை ஊற்றுவோம். மற்ற எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு ஓடிப்போய்விடும். காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாமல் பிடித்திருக்கும். கழுவின பிறகும் எது நிற்கிறதோ, அதைத்தான் மைக்ராஸ்கோப்பில் தேடுவோம்.

வாஷ் ஓவியத்தின் அடிப்படையும் கிட்டத்தட்ட இதுதான்.

தண்ணீரில் ஊறினாலும் கிழியாத தடிமனான தாளில் முதலில் கோட்டுருவம் போடுவார்கள். அதன்மேல் நீர்வண்ணத்தை மெல்லியதாகப் பூசி நன்றாகக் காயவிடுவார்கள். பிறகு அந்த முழுத் தாளையும் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். ஒட்டாத வண்ணம் கரைந்து போகும். தாளின் நாருக்குள் இறங்கின வண்ணம் மட்டும் நிற்கும்.

மறுபடி பூச்சு. மறுபடி காய்ச்சல். மறுபடி தண்ணீர்.

இப்படிப் பல சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து, விளிம்புகள் மென்மையாகி, விடிகாலைப் பனியில் பார்க்கிற மாதிரி ஒரு தன்மை படத்துக்கு வரும். கடைசியில் நுணுக்கமான கோடுகள், நகை, கண், விரல் என்று முடிப்பார்கள்.

இதில் அவசரத்துக்கு இடமே கிடையாது. எண்ணெய் வண்ணத்தில் தப்பு நேர்ந்தால் மேலே இன்னொரு பூச்சுப் போட்டு மறைக்கலாம். இங்கே பூச்சு கண்ணாடி மாதிரி. கீழே நடந்த எல்லாமே மேலே தெரியும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

கல்கத்தாவுக்குப் போவோம். 1903ம் வருடம்.

ஜப்பானியக் கலை அறிஞர் ஒககுரா தென்ஷின் அதற்கு முந்தைய வருடம்தான் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அவர் வழியாக யொகொயாமா தைகான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற இரண்டு இளம் ஓவியர்கள் கல்கத்தா வந்தார்கள். கோடே இல்லாமல், நிறத்தைப் புகை மாதிரி பரவவிட்டு வரைகிறவர்கள். அதற்காகவே சொந்த நாட்டில் விமர்சகர்களிடம் கேலி வாங்கினவர்கள்.

தைகான் வரைவதை ரவீந்திரநாத் தாகூரின் உறவினரான அவனீந்திரநாத் தாகூர் பக்கத்தில் இருந்து கவனித்தார். தைகான் தாளை ஈரத் தூரிகையால் நனைத்து நனைத்து வேலை செய்தார். அவனீந்திரநாத் ஒரு படி மேலே போய், தாளையே தண்ணீருக்குள் போட்டுவிட்டார். மொகலாயச் சிற்றோவியத்தின் கோடு, ஜப்பானிய ஈரம், ஆங்கில வாட்டர்கலர் மூன்றும் சேர்ந்து புதிதாக ஒன்று பிறந்தது. அதுதான் இந்திய வாஷ்.

1905ல் வங்கப் பிரிவினை. நாடே கொதித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவனீந்திரநாத் இதே முறையில் 'பாரத மாதா'வை வரைந்தார். காவி உடுத்திய ஒரு பெண். நான்கு கைகளில் நெற்கதிர், வெள்ளைத் துணி, சுவடி, ஜபமாலை. சோறு, துணி, கல்வி, ஆன்மிகம் என்று புரிந்துகொள்ளலாம். கையில் ஆயுதம் எதுவும் இல்லை.

அன்றைய கலைப் பள்ளிகளில் ஐரோப்பியச் சிலைகளின் பிளாஸ்டர் நகல்களைப் பார்த்து வரைவதுதான் பாடம். நல்ல ஓவியம் என்றால் எண்ணெய் வண்ணம் என்ற நினைப்பு. அந்தக் காலத்தில் காகிதத்தையும் தண்ணீரையும் நம்பி ஒரு கூட்டம் கிளம்பியது என்றால் அதில் சுதேசி அரசியலும் கலந்திருந்தது. கல்கத்தா கலைப் பள்ளித் தலைவர் ஈ.பி. ஹேவல் என்ற ஆங்கிலேயரே அதற்குத் துணை நின்றார். இந்த ஹேவல் அதற்கு முன்னால் நம்ம மெட்ராஸ் கலைப் பள்ளியில் இருந்தவர்.

அந்த மெட்ராஸ் பள்ளியை 1850ல் ஆரம்பித்தவர் யார் தெரியுமா? அலெக்சாண்டர் ஹன்டர். ஒரு சர்ஜன்! நம்ம தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, மறைக்க மாட்டேன். 1852ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான்.

1929ல் அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்க ஒரு வங்காளி வந்தார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். அவனீந்திரநாத்திடம் நேரடியாக ஓவியம் படித்தவர். 1957 வரை இருந்தார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவர் வேலையை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். 1959ல் நிறுவப்பட்டது.

அவர் தலைமையில் இருந்த காலத்தில் அந்தப் பள்ளியில் படித்தவர்தான் நம்ம ராஜம்.

பள்ளிக்கு வருவதற்கு முன்பே ராஜம் பிரபலம். 1934ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் அவர்தான் ராமர். சீதையாக நடித்தது அவருடைய சொந்தத் தங்கை ஜெயலட்சுமி. குட்டிப் பையன் பாலசந்தரும் அதில் உண்டு. பாபநாசம் சிவன் முதன்முதலாக இசையமைத்த படம் அது. சினிமாவிலேயே தொடர்ந்திருந்தால் ராஜத்தின் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். அவர் பாட்டையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டார். அகில இந்திய வானொலியில் சம்பளத்துக்கு வேலை, வீட்டில் ஓவியம், இடையில் கச்சேரி, பாட்டு வகுப்பு.

அஜந்தா, சிகிரியா, சித்தன்னவாசல். இந்தப் பழைய சுவரோவியங்களில் இருந்த கண்ணையும் விரலையும் உடல் வளைவையும் அவர் எடுத்துக்கொண்டார். அவற்றை வாஷ் முறையில் காகிதத்தில் இறக்கினார். ஏழு ஸ்வரங்களுக்குரிய தேவதைகள், நவகிரகங்கள், இசை மேதைகள் என்று வரைந்துகொண்டே இருந்தார்.

மும்மூர்த்திகள் படத்துக்கு வருவோம். ராஜம் பாட்டுக் கற்ற குருமார்களில் ஒருவர் அம்பி தீட்சிதர். இவருடைய தந்தை சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன், பிறகு அவருக்கே தத்துப் பிள்ளை. அதாவது, தான் வரைய வேண்டிய மனிதரின் குடும்பத்து வாரிசிடமே உட்கார்ந்து பாடம் கேட்டவர் ராஜம். அந்தப் பாட்டு இரண்டு நூற்றாண்டாக எப்படிக் கைமாறி வந்தது என்பது அவருக்குத் தொண்டையிலேயே தெரியும். வீணையோடு தீட்சிதரும் தம்புராவோடு தியாகராஜரும் நமக்கு அவ்வளவு இயல்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, கதையின் கசப்பான பகுதி.

ராஜம் தூரிகை பிடித்த அதே காலத்தில்தான் வாஷ் முறைக்கு மவுசு போனது. 'ஒரே பனிமூட்டம், ஒரே சோகம், பழம்பெருமை' என்று இளம் ஓவியர்கள் அலுத்துக்கொண்டார்கள். 1943ல் கல்கத்தா குழு, 1944ல் மெட்ராஸில் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கம், 1966ல் சோழமண்டலம். காற்று நவீன ஓவியத்தின் பக்கம் அடித்தது.

அந்த விமர்சனத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை சம்பிரதாயமாகிவிட்டால் நகல் எடுப்பவர்கள் பெருகுவார்கள். பணிக்கர் தலைமுறை நமக்குக் கொடுத்ததும் சாதாரணமானதில்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நவீன ஓவியர்கள் கேலரிக்கும் கலை வரலாற்றுப் புத்தகத்துக்கும் போனார்கள். ராஜம் தீபாவளி மலருக்கும் காலண்டருக்கும் போனார். கேலரியில் ஓவியத்துக்குக் கீழே பெயர்ப்பலகை இருக்கும். காலண்டரில் கடைக்காரர் பெயர்தான் பெரிதாக இருக்கும்.

விளைவு? தமிழ்நாட்டில் மிக அதிகம் பேர் பார்த்த ஓவியங்களில் ஒன்று, வரைந்தவர் பெயர் இல்லாமலே வீடு வீடாகத் தொங்குகிறது.

அவர் காற்றுக்குத் தகுந்த மாதிரி திரும்பவில்லை. பாட்டிலும் அப்படித்தான். கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றியவர். அந்த 72ல் 40 ராகங்கள் விவாதி மேளங்கள். 'விவாதி பாடினால் தோஷம், பாடுகிறவருக்கு ஆகாது' என்று பல வித்வான்களே ஒதுங்கினார்கள். ராஜம் அந்தக் கீர்த்தனைகளைத் தேடித்தேடிப் பாடினார், சிஷ்யர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

விவாதி பாடியே வாழ்ந்த அந்த மனிதர் 91 வயது நிறைய 12 நாள் இருக்கும்போதுதான் மறைந்தார். ஒருவரை வைத்து மருத்துவ முடிவு எடுக்கக் கூடாது, அது வேறு விஷயம். ஆனாலும் தோஷம் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

நான் இருக்கும் உத்திரமேரூர், பெயரை எழுதி வைப்பதற்குப் பேர்போன ஊர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. 919லும் 921லும் வெட்டியவை. யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, கணக்குக் காட்டாதவரை என்ன செய்வது என்று எல்லாம் எழுதியிருக்கும். முதல் கல்வெட்டுக்கும் ராஜம் பிறந்ததற்கும் சரியாக 1000 வருடம். தற்செயல்தான்.

இங்கிருந்து பஸ் ஏறினால் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில். பல்லவ ராஜசிம்மன் கட்டியது. அங்கே சின்னச் சின்ன சன்னதிகளின் உள்சுவரில் 8ம் நூற்றாண்டு ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது. பின்னாளில் யாரோ பூசிய பூச்சுக்கு அடியில் நூற்றாண்டுக் கணக்கில் மறைந்து கிடந்தவற்றை 1931ல் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ரேய் கண்டறிந்தார். ஒரு பாதி முகம், ஒரு கண், ஒரு கை. அவ்வளவுதான் மிச்சம். வரைந்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவே இல்லை.

அது 1300 வருடம் முந்தைய கதை, ஒன்றும் செய்ய முடியாது. ராஜம் நம்மோடு 2010 வரை இருந்தவர். அவர் பெயரைத் தொலைத்தால் அதற்கு நாம் மட்டும்தான் பொறுப்பு.

சரி, நம்மால் என்ன செய்ய முடியும்? மருந்துச் சீட்டு மாதிரி மூன்றே வரி.

ஒன்று. வீட்டில், சொந்தக்காரர் வீட்டுப் பரணில், பழைய தீபாவளி மலர்கள் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருதரம் புரட்டிப் பாருங்கள். உள்ளே ராஜம் இருக்கலாம்.

இரண்டு. காகிதத்தில் வரைந்த ஓவியம் எதுவாக இருந்தாலும் நேர் வெயில் படும் சுவரிலோ, ஓதம் ஏறும் சுவரிலோ மாட்டாதீர்கள். வெயில் நிறத்தை வெளுக்க வைக்கும், ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும். போன நிறம் திரும்பி வராது.

மூன்று. அடுத்த முறை மும்மூர்த்திகள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதோ விழா நோட்டீஸில் போடும்போதோ, கீழே 'ஓவியம்: எஸ். ராஜம்' என்று சேர்த்துவிடுங்கள். இரண்டே வார்த்தை, காசு பணம் ஒன்றும் ஆகாது.

பாட்டுக் கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.



அரசு மருத்துவர்,
உத்திரமேரூர்