பெருமாட்டி பஞ்சாயத்தின் ஒரு தீர்மானம்

எல்லைத் தமிழர் வரலாறு என்றாலே நம் மலர்களில் தேவிகுளமும் பீர்மேடும்தான் வரும். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது, இன்றைய இடுக்கி மாவட்டத்திலுள்ள அந்த இரண்டு தாலுக்காக்களும் தமிழ்நாட்டுக்கு வராமல் போனதை நம் பெரியவர்கள் இன்றும் ஆதங்கத்தோடு பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் கோடு போட்ட பிறகு அந்தப் பக்கம் நின்றுவிட்ட சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள்? கிணற்றுத் தண்ணி கெட்டுப்போனால் யாரிடம் போய்ச் சொன்னார்கள்? அந்த வரலாறும் எழுதப்பட வேண்டியதே. அதற்காகப் பாலக்காட்டு எல்லையிலுள்ள ஒரு பஞ்சாயத்தின் கதையை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மண்ணும் மக்களும்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே மீனாட்சிபுரம் வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்தால் சித்தூர் தாலுக்கா. வெள்ளையர் காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. பக்கத்துச் சித்தூரோ கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. கேரளம் என்றதும் நம் கண்ணில் வரும் அடைமழை இதன் கிழக்குப் பகுதியில் கிடையாது. வாய்க்கால் தண்ணீரும் கிணறும்தான் கதி. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் இப்பகுதிக்கு வர வேண்டும். வருகிற வருஷமும் உண்டு, வாய்ச்சண்டையில் போகிற வருஷமும் உண்டு.

இங்கே பலருக்கும் வீட்டு மொழி தமிழ். எரவாளர், மலசர் என்னும் பழங்குடியினரும் தமிழ் பேசுகிறவர்களே. அவர்களில் பெரும்பாலோர் பிறர் தோட்டத்திலும் வயலிலும் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுத உரிமை தருகிறது. சரி, மனு எழுதிவிடலாம். அது போய்ச் சேருகிற இடத்துக்கு அதிகாரம் இருக்க வேண்டுமே!

அந்த அதிகாரம் பின்னால் வந்தது. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தைத் தொடர்ந்து 1994இல் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் இயற்றப்பட்டது. 1996இல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்டநிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கைக்குப் போயிற்று. ரோடு, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் கிராமசபையில் பேசி முடிவு செய்யலாம். தொழிற்சாலைக்கு உரிமம் தருவதும் பஞ்சாயத்தின் வேலையாயிற்று.

உரிமமும் மறுப்பும்

2000ஆம் ஆண்டில் பெருமாட்டி பஞ்சாயத்து தன் எல்லைக்குள் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை நடத்த இந்துஸ்தான் கொக்கோ கோலா நிறுவனத்துக்கு உரிமம் தந்தது. 34 ஏக்கர் நிலம், ஆழ்துளைக் கிணறுகள், உள்ளூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் வேலை. பஞ்சாயத்துக்கும் நல்ல வரி வருமானம். அன்றைக்கு யாரும் இதைத் தப்பு என்று சொல்லவில்லை.

ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஆலையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளில் முறையீடு கிளம்பியது. கிணறு வற்றுகிறது, இருக்கிற தண்ணியும் உப்புக் கரிக்கிறது, சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் அரிக்கிறது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் போக வேண்டி வந்தது. ஆலை ஒரு நாளைக்கு 15 லட்சம் லிட்டர் வரை உறிஞ்சுவதாக ஊரார் சொன்னார்கள்; நிறுவனம் அதைவிட மிகக் குறைந்த கணக்கைச் சொன்னது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னணியில் நின்றவர் எரவாளர் சமூகத்து மயிலம்மா. பள்ளிப் படிப்பு இல்லாத கூலித் தொழிலாளி.

பஞ்சாயத்து முதலில் தயங்கியது. வருமானம் போகுமே! ஆனால் 2003 ஏப்ரலில், ஏ. கிருஷ்ணன் தலைவராக இருந்தபோது, உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. நிலத்தடி நீரை மிகையாக எடுப்பதும் குடிநீர்த் தட்டுப்பாடும் காரணங்களாகக் காட்டப்பட்டன. தந்த கையே திரும்ப வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் பி.பி.சி. வானொலி, உரம் என்று உழவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதாகச் செய்தி வெளியிட்டது. காட்மியம் இருப்பதை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கண்டது.

தண்ணீர் யாருடையது?

வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2003 டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பளித்தார். நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே, ஒரு தனியார் அதை அளவின்றி எடுக்க உரிமையில்லை என்பது அதன் சாரம். நிலச் சொந்தக்காரர் சாதாரணமாக எடுக்கக்கூடிய அளவே ஆலைக்கும் உண்டு, மீதிக்கு வேறு வழி பார்க்கட்டும் என்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மறுபடி ஓடவேயில்லை.

ஆனால் 2005 ஏப்ரல் 7 அன்று, அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு வேறுவிதமாகச் சொன்னது. தடுக்கும் சட்டம் இல்லாத நிலையில் தன் நிலத்து நீரை எடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தது. 2017 ஜூலையில், ஆலையை மீண்டும் தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் சொல்லிவிட, வழக்கு முடிந்தது. ஆக, தண்ணீர் யாருடையது என்ற மூலக் கேள்விக்கு இந்த வழக்கில் விடை வரவில்லை. ஊர் ஜெயித்தது, சட்டம் ஜெயித்ததா என்று கேட்டால் சொல்வது கடினம்.

நஷ்டஈடும் அப்படித்தான். அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றம் இதற்கென ஒரு தீர்ப்பாயம் அமைக்க மசோதா நிறைவேற்றியது. அது டில்லிக்குப் போய், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் திரும்பியது. மயிலம்மா இதையெல்லாம் பார்க்க இல்லை. 2007 ஜனவரியில் காலமானார். அவர் வாழ்க்கைக் கதை மலையாளத்தில் நூலாகித் தமிழிலும் வந்திருக்கிறது. நம் சங்க நூலகங்களில் அது இருக்க வேண்டும்.

நமக்கு என்ன?

2025 ஜனவரியில் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் ஒரு மது ஆலைக்கு மாநில அமைச்சரவை முதற்கட்ட ஒப்புதல் கொடுத்தபோது, தண்ணீரைக் காரணம் காட்டி முதலில் எதிர்த்தவர்களில் எலப்புள்ளி பஞ்சாயத்தும் ஒன்று. பெருமாட்டி போட்ட பாதை புல் முளைத்துப் போய்விடவில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் பெரும்பாலும் நம் வார்டு மெம்பர் யாரென்றுகூடத் தெரியாமல் காலம் தள்ளுகிறோம். மொழிக்காகச் சங்கம் வைக்கிறோம், பொங்கல் வைக்கிறோம், நல்லதுதான். அதே தமிழைக் கொண்டுபோய்த் தண்ணீருக்காகவும் பேசலாம் என்பதை நமக்குக் காட்டியவர்கள் பிளாச்சிமடையின் ஏழைச் சனங்கள். சபையில் நாலு பேர் எழுந்து கேட்டால், தந்த உரிமத்தையும் ஒரு பஞ்சாயத்து திரும்ப யோசிக்கும். அந்த நாலு பேரில் நாமும் இருக்கிறோமா என்பதே கேள்வி.