கிடந்தவரை எழுப்பிய கல்வி

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயில் பாதையில், குப்பத்தை அடுத்து இருக்கும் சிற்றூர் குடுபல்லி. ஆந்திரமும் தமிழகமும் கர்நாடகமும் கூடும் எல்லை அது. அவ்வட்டாரத்துப் பிசாநத்தத்திலும் சிகுருகுண்டாவிலும் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. அண்மையிலுள்ள கோலார்ச் சுரங்கங்களோடு அவையும் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. கோலாரில் பூமிக்கடியில் உழைத்தோருள் தமிழரே மிகப் பலர். பாறை வெடித்துச் சரிவது அச்சுரங்கங்களில் ஓயாத அபாயம். சரிந்த பாறையின்கீழ் முதுகெலும்பு முறிந்தவன் உயிர் பிழைத்தாலும், அதன்பின் அவன் கதி என்ன? இயன்முறை மருத்துவமும் மறுவாழ்வு மருத்துவமும் இக்கேள்விக்கு விடையாகவே வளர்ந்தன.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், முதுகுத் தண்டு அறுந்தவர்களுள் பெரும்பாலோர் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மாண்டனர். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே அவர்களுக்கு எமனாயின. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் இந்நிலையை மாற்ற முனைந்தார். நோயாளியை முறையாகப் புரட்டிப் படுக்கவைத்தார், பயிற்சி தந்தார், விளையாட்டிலும் ஈடுபடுத்தினார். அமெரிக்காவில் ஹோவர்டு ரஸ்க் இதே நெறியில் மறுவாழ்வைத் தனி மருத்துவத் துறையாக வளர்த்தார்.

நம் பகுதியில் இவ்விளக்கு வேலூரில் ஏற்றப்பட்டது. வேலூர் சித்தூருக்கு அயலூர் அன்று. 1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை, இவ்விரண்டும் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டத்து ஊர்களாக இருந்தன.

1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். செயலுள்ள தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலில் பொருத்துவது அம்முறை. ஆனால், அறுவை முடிந்ததும் கை தானாக இயங்கிவிடாது. இடம் மாறிய தசையைப் புது வேலைக்குப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதனைக் கற்பிப்பவர் இயன்முறை மருத்துவரே. மற்றொரு துன்பமும் வெளிப்பட்டது. கை திருந்திய ஏழைக்குப் பிச்சையும் விழவில்லை. வேலை தருவாரும் இல்லை! ஆகவே கைத்தொழில் கற்பிக்கும் புது வாழ்வு நிலையம் ஒன்று அங்கே எழுந்தது.

அதே கல்லூரியில் பயின்று மருத்துவரானவர் கொச்சியைச் சேர்ந்த மேரி வர்கீஸ். 1954இல் ஒரு மோட்டார் விபத்தில் அவர் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். மருத்துவரே நோயாளியானார். இனி அறுவை மேசையருகே நிற்பது எங்ஙனம்? நிற்க வேண்டாம், சக்கர நாற்காலியில் அமர்ந்தே செய்யலாம் என்று பிராண்டு ஊக்கினார். தொழுநோயாளரின் கைகளை அவ்வாறே அவர் சீர்ப்படுத்தினார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் ரஸ்க் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். அவருடைய முயற்சியால் 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவ்வம்மையார் 1986இல் மறைந்தார்.

இக்கல்வியின் உட்பொருளை அவருடைய வாழ்வே விளக்குகிறது. எலும்பு, தசை, நரம்பு ஆகியவற்றின் அமைப்பை மாணவர் கற்கின்றனர், உண்மைதான். ஆயினும் நோயாளியின் வீட்டு வாயிற்படி எத்தனை உயரம், கிணற்றடிக்கு அவர் எவ்வாறு செல்வார், எத்தொழிலால் பிழைப்பார் என்பனவும் பாடமே. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை நோயாளிக்குக் கற்பித்தால் போதாது. தூக்கிவிடும் மனைவிக்கும் மகனுக்கும் கற்பிக்க வேண்டும். மருந்துச் சீட்டோடு முடியும் வேலை அன்று இது.

இன்று இக்கல்வியைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் என்னும் பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவம் பட்டப் படிப்பாக உள்ளது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பர்டு மருத்துவமனை, உடல் ஊனமுற்றோர்க்கென்றே நடைபெறுகிறது. 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இயன்முறை மருத்துவர் உள்ளிட்ட துணைநிலை மருத்துவத் தொழில்களுக்குத் தேசிய ஆணையம் ஒன்றை வகுத்தது.

மாநில எல்லைகள் மாறின, சுரங்கங்கள் மூடின. எனினும் ஏணியிலிருந்து விழுந்த கொத்தனும், பக்கவாதத்தால் சாய்ந்த முதியவரும் நம்மிடையே இருக்கின்றனர். பிழைக்க வந்த ஊரில் உடலுழைப்பே முதலாகக் கொண்ட நம்மவர்க்கு, உடல் ஓய்ந்தால் வாழ்வே ஓய்ந்தது போலாகும். நம் பிள்ளைகள் எதைப் படிக்கலாம் என்று ஆராயும்போது, விழுந்தவரை எழுப்பும் இக்கல்வியையும் எண்ணிப் பார்ப்போமாக.