கூப்பன் அரிசியும் லயத்து அடுப்பும்

சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்வோருக்கு எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. எதைக் குறைத்து வாங்குவது, எதை எளிதாகச் சமைப்பது, மிஞ்சியதை எவ்வாறு பயன்படுத்துவது என்றெல்லாம் ஏழைக்கு எடுத்துச் சொல்வது அறிஞர்க்கும் அதிகாரிகளுக்கும் உவப்பான தொழில். ஆனால், அட்டனிலும் நுவரெலியாவிலும் மலைச்சரிவுகளில் நூறாண்டுக்கும் மேலாக அடுப்பெரித்துவரும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு இந்தப் பாடத்தைக் கற்பிக்க எவராலும் இயலாது. அவள் அடுப்பில் வீணாகும் பொருள் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவ்வாறாயின், அவ்வளவு சிக்கனமாக வாழ்ந்த குடும்பம் ஏன் பசியிலிருந்து தப்பவில்லை? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அரிசி எவ்வாறு அவள் கைக்கு வந்தது என்ற வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

கோப்பிக் காலத்திலும், 1870களுக்குப் பின் அதன் இடத்தைப் பற்றிக்கொண்ட தேயிலைக் காலத்திலும், தோட்டத்து அரிசி வெறும் உணவுப்பொருளாக இருக்கவில்லை. அது சம்பளத்தின் ஒரு பகுதியாகவும், தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த கயிறாகவும் இருந்தது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கொழும்புக்கு வந்த அரிசி மூட்டைகளைத் தோட்ட நிர்வாகம் மொத்தமாக வாங்கி, தொழிலாளருக்கு அளந்து கொடுத்து, அதன் விலையைச் செக்ரோலில் பதிந்து சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. பேர் விழுந்த நாளுக்குத்தான் கூலி. கூலிக் கணக்கில் அரிசிப் பற்று முந்திக்கொள்ளும். ஒருபுறம் தோட்டத்து அரிசிக் கடன், மறுபுறம் பெரிய கங்காணியிடம் பெற்ற முற்பணம். இவ்விரண்டுக்கும் இடையே காசு என்ற பொருளைக் கண்ணால் காணாமலே மாதங்களைக் கழித்த குடும்பங்கள் எத்தனையோ! கடனைக் குறித்துக்கொடுத்த 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக இயலாதிருந்த அந்த முறை, 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளரின் கூலிக்கு ஒரு தரையை வகுத்தது. அதன்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என்று நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது. தோட்டத்து அரிசியின் விலையும் புசலுக்கு 6 ரூபா 40 சதம் என்று வரையறுக்கப்பட்டது. இந்த இரு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு புசலுக்கு 32 கொத்து. எனவே ஒரு கொத்து அரிசி 20 சதம். நாள் முழுதும் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்த பெண்ணின் கூலி, இரண்டு கொத்து அரிசிக்குச் சற்று மேல்! உப்பும் மிளகாயும், துணியும் மருந்தும், சாவும் வாழ்வும் இந்த எச்சத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். கூலியை நிர்ணயித்தவர்கள் அடுப்பையும் அளந்துதான் நிர்ணயித்தார்கள் என்பது இதனால் விளங்கும். லயத்துச் சிக்கனம் அவள் தேர்ந்துகொண்ட நற்குணமன்று. கூலிக் கணக்கிலேயே எழுதப்பட்டிருந்த நிபந்தனை.

இந்த நிலையில்தான் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியை நம்பி உலையேற்றிய இலங்கைக்கு அது பேரிடி. அவ்வாண்டிலேயே அரசாங்கம் உணவுப் பங்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆளுக்கு ஒரு புத்தகம், வாரத்துக்கு இவ்வளவு அரிசி என்ற முறை பிறந்தது. மக்கள் வாயில் அது 'கூப்பன்' ஆயிற்று. கூப்பன் புத்தகம், கூப்பன் கடை, கூப்பன் அரிசி என்று ஒரு புதிய சொற்குடும்பமே தமிழில் உண்டாயிற்று.

இதன் பெருமையை உணர வேண்டுமானால் வங்காளத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே பர்மா அரிசி அங்கும் நின்றுபோயிற்று. கல்கத்தா நகரத்துக்கு உணவு உறுதிசெய்யப்பட்டது. கிராமத்து உழவுக்கூலிகளும் மீனவரும் கைவிடப்பட்டனர். 1943இன் பஞ்சத்தில் மாண்டவர் தொகை முப்பது இலட்சமளவில் இருக்கும் என்பர் ஆய்வாளர். இலங்கையில் அத்தகைய பேரழிவு நிகழவில்லை. காரணங்கள் பலவாயினும், அரிசியை நகரத்துக்கு மட்டுமன்றி எல்லார்க்கும் பங்கிட்டமை அவற்றுள் தலையாயது. கொழும்பு கறுவாத் தோட்டத்துக் கனவானுக்கும் மஸ்கெலியா லயத்துக் கிழவிக்கும் ஒரே அரசாங்கம் புத்தகம் கொடுத்தது என்பது, தோட்டத்தைத் தவிர வேறு உலகம் அறியாதிருந்த மக்களுக்குச் சிறிய செய்தியன்று.

கூப்பன் வந்ததும் லயத்துப் பெண் தன் கணக்கை அதற்கேற்ப அமைத்துக்கொண்டாள். அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டி, தகரத்திலோ கல்லிலோ சுட்டெடுத்த கனமான ரொட்டி தோட்டத்தின் தினசரி உணவாயிற்று. அதற்குத் துணை செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல். அதுவும் இல்லாதபோது வெறும் சாயத் தண்ணீர். நகரத்து வாசகருக்கு இது 'எளிய சமையல்' என்று தோன்றலாம். ஆனால் அந்த எளிமையின் இரகசியம் வேறு. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க ஓடுகிறவளுக்குச் சோறும் கறியும் ஆக்க நேரம் ஏது? ரொட்டிக்கு விறகு குறைவு, நேரம் குறைவு, கறியின்றியும் உண்ணலாம், மடித்துக் கட்டி மலைக்குக் கொண்டு போகலாம், மதியம் வரை வயிற்றில் கிடக்கும். தோட்டத்தின் வேலைநேரம்தான் தோட்டத்தின் சமையற்குறிப்பை எழுதியது.

சீனியையும் அவள் அவ்வாறே கையாண்டாள். தேநீரில் கரைத்தால் ஒரு கரண்டி வேண்டும். உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு சாயத் தண்ணீரைக் குடித்தால் ஒரு சிட்டிகை போதும். மிஞ்சிய பங்கீட்டுச் சீனியை வெளியே நல்ல விலைக்கு விற்று, அந்தக் காசில் அரிசி வாங்கிய ஏழைக் குடும்பங்கள் இந்நாட்டில் பல உண்டு. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கும் பிடியரிசி வழக்கம் தமிழர் வீட்டுப் பழஞ்செல்வம். உலகின் பல பாகங்களுக்குத் தேயிலை பறித்துக் கொடுத்த கைகள், தம் கோப்பைக்கு ஒரு சிட்டிகைச் சீனியை எண்ணிப் போட்டன என்பதைவிடக் கசப்பான தேநீர் வேறு உண்டோ?

ஆனால் கூப்பனின் மதிப்பு லயத்தில் தீர்மானமாகவில்லை, நாடாளுமன்றத்தில் தீர்மானமாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் மலையகத்திலிருந்து உறுப்பினரைத் தேர்ந்தனுப்பிய மக்கள், 1952 பொதுத்தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப இயலாது நின்றனர். கையில் கூப்பன் இருந்தது. வாக்குச் சீட்டு இல்லை.

இதன் பொருளை 1953 தெளிவாக்கிற்று. அவ்வாண்டு யூலையில் டட்லி சேனநாயக்க அரசாங்கம், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனாவின் வரவு செலவுத் திட்டத்தின்படி, பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரேயடியாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அறைகூவலை ஏற்று நாடு ஹர்த்தாலில் இறங்கியது. மேற்கு, தெற்குக் கரையோரங்களில் புகைவண்டிகள் நின்றன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். அரிசி விலையும் பின்னர் இறங்கியது. வாக்காளனின் உலையில் கைவைத்தால் அரசாங்கம் ஆட்டங்காணும் என்ற பாடத்தை ஆளும் வர்க்கம் அன்று கற்றுக்கொண்டது. வாக்கற்றவனின் உலைக்கு அந்தக் காவல் இருந்ததா?

1966 டிசம்பரில் வாரப் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. 1970 தேர்தலில் 'இரண்டாவது கொத்து' மேடைக்கு மேடை முழங்கிய வாக்குறுதியாயிற்று. எதிரணி பெருவெற்றி பெற்றது. ஒரு கொத்து அரிசிக்கு ஆட்சியை மாற்றும் வலிமை இருந்த நாடு இது. ஆனால் அந்த வலிமையில் நாடற்ற தோட்டத் தொழிலாளிக்குப் பங்கில்லை.

1973இலும் 1974இலும் அந்த உண்மை உயிர்களைக் கேட்டது. உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறின. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியது. அரிசிப் பங்கீடு குறைந்தது, சீனி குறைந்தது, கோதுமை மாவும் பாணும் விலை ஏறின, பாணுக்கு விடியுமுன் வரிசைகள் நின்றன. அரிசியை இடத்துக்கிடம் கொண்டு செல்வதற்கும் தடை இருந்தது. கிராமத்தானுக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது. மரவள்ளியை நட்டு உயிர் பிழைத்தான். தோட்டத் தொழிலாளியைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் இருந்தது. ஆனால் அதில் விளைந்தது தேயிலை. தேயிலையை உண்ண முடியாது. அதே வேளையில், காணிச் சீர்திருத்தக் காலத்தின் நிச்சயமற்ற சூழலில், தோட்டங்களில் வேலைநாட்களும் குறைந்தன. கூலி குறைந்த வேளையில் கூப்பனும் சுருங்கிற்று.

விளைவு என்ன? தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் நாட்டின் சராசரியைவிடப் பன்மடங்கு வேகத்தில் ஏறிற்று. பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்தில் நூறுக்கும் மேல் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. கீரையையும் கிழங்கையும் தேடி அலைந்தவரும், நகரத் தெருக்களில் கையேந்தியவரும், தலைமன்னாரில் கப்பலேறியவரும் அக்காலத்து நினைவுகளில் இன்றும் வாழ்கின்றனர். இவர்களில் யாருக்குச் சிக்கனம் தெரியாது? பிடியரிசி எடுத்து வைக்கத் தெரியாதவள் எவள்? சிக்கனத்தின் கடைசிப் படியில் நின்றவர்களே முதலில் விழுந்தனர். குறைப்பதற்கு ஏதாவது இருப்பவனுக்குத்தான் சிக்கனம் கேடயம். குறைத்து முடித்தவனுக்கு அது வெறும் சொல்.

பின்னர் வந்த மாற்றங்களும் இதே நியாயத்தில்தான் இயங்கின. 1978 ஜனவரியில் எல்லார்க்கும் பொதுவாயிருந்த பங்கீடு, மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றாயிற்று. 1979 செப்டம்பரில் கூப்பன் அரிசியே மறைந்து உணவு முத்திரை வந்தது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கிராமத்து விவசாயியின் வருமானம் அவன் வாய்ச்சொல். தோட்டத் தொழிலாளியின் வருமானமோ செக்ரோலில் சதக் கணக்கில் பதிவானது. கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளையும் கொழுந்து பறித்தால் அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும். உழைப்பின் பதிவேடே உதவிக்குத் தடையாயிற்று! அன்றியும், பங்கீட்டில் கிடைத்தது அரிசி. முத்திரையில் கிடைத்தது தொகை. 1980இல் மானியங்கள் நீங்கி விலைகள் ஏறியபோது தொகை அப்படியே நின்றது. சில ஆண்டுகளுக்குள் அந்த முத்திரை வாங்கக்கூடிய அரிசி ஏறக்குறையப் பாதியாகத் தேய்ந்துவிட்டது. அளவைக் கொடுப்பதற்கும் பணத்தைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முன்னதில் விலையேற்றத்தின் சுமை அரசாங்கத்தின் தோளில், பின்னதில் அது அடுப்படியில்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்தப் பழைய பாடத்தை மீண்டும் நடத்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. 2021இல் நீண்ட போராட்டத்தின் பின் கிடைத்த 1,000 ரூபா நாட்சம்பளம், கோதுமை மாவின் விலை முன் கரைந்துபோயிற்று. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. ஆனால் 1929இல் நாம் போட்ட கணக்கை, கூலியில் எத்தனை கொத்து அரிசி என்ற அந்தக் கணக்கை, ஒவ்வொரு சம்பள உயர்வின்போதும் போட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

அப்படியானால் சிக்கனம் வேண்டாமா? வேண்டும். லயத்துப் பெண்ணின் அடுப்படி அறிவு இகழத்தக்கதன்று. போற்றிப் பாதுகாக்கத்தக்க மக்கள் செல்வம். ஆனால் அந்த அறிவைப் புகழ்ந்துகொண்டே அவளுடைய கூலியையும் காணியையும் மறந்துவிடுவது அறமாகாது. கூப்பன் அவளைக் காப்பாற்றிய காலமும் உண்டு, கைவிட்ட காலமும் உண்டு. அளவு நிலையாகவும் எல்லார்க்கும் பொதுவாகவும் இருந்தபோது அது காத்தது. அளவு சுருங்கியபோது, கூலியும் காணியும் வாக்கும் இல்லாதவளையே அது முதலில் கைவிட்டது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். வரலாற்றுப் பாடநூலில் ஆளுநர்களின் பெயர்கள் உண்டு. கூப்பன் புத்தகம் இல்லை. 1974இல் அடுப்பெரித்த கைகள் இன்னும் சில நம்மிடையே இருக்கின்றன. அந்தப் பாட்டிமாரிடம் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கு எத்தனை கொத்து வந்தது, எத்தனை வாய்கள் இருந்தன, கடைசியில் உண்டவர் யார் என்று கேளுங்கள். தேதியோடு எழுதி வையுங்கள். கூலிக் கணக்கைத் தோட்டம் எழுதி வைத்தது. பசியின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.