குடியாத்தம் 1954: கொல்லைப்புறக் கதவை மறுத்த முதல்வர்

இந்த வாரம் 1957 பொதுத்தேர்தலுக்குள் நுழைவோம் என்று சென்ற இதழை முடித்திருந்தேன். திமுக முதன்முறையாகக் களமிறங்கி 15 பேரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தேர்தல் அது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரே ஒரு தொகுதியில் நடந்த இடைத்தேர்தலைச் சொல்லாமல் 1957-க்குப் போவது நியாயமில்லை. இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சி ஊரையே வளைத்துக்கொண்டு நடத்தும் திருவிழா, அதற்கு வரலாற்றில் இடமில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. குடியாத்தம் அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது. முதலமைச்சர் நாற்காலியில் உட்காருபவர் மக்களிடம் நேரில் கேட்டு வாங்கிய ஓட்டோடு உட்கார வேண்டும் என்ற அரசியல் ஒழுக்கத்தைத் தமிழகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இடைத்தேர்தல்தான் என்பது என் வாதம்.

1952-இல் நடந்ததை வைத்துப் பார்த்தால்தான் 1954-இன் அருமை புரியும். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. எதிரே 62 இடங்களோடு கம்யூனிஸ்டுகள். இந்த நெருக்கடியில் காங்கிரஸ் தேடிப்போனது தேர்தலில் நிற்கவே நிற்காத ராஜாஜியை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார், அவர் முதல்வரானார். இதை எதிர்த்து கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி நீதிமன்றம் வரை போனார், பலிக்கவில்லை. சட்டப்படி அந்த நியமனம் நின்றது. ஆனால் ஒரு வாக்காளரின் முன்னும் கைகூப்பாமல் ஒருவர் மாகாணத்தை ஆள வந்தார் என்ற உறுத்தல் தீரவில்லை. ராஜாஜியின் திறமையை நான் மறுக்கவில்லை. பதவியேற்ற சில மாதங்களுக்குள் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய துணிச்சல் வேறு யாருக்கும் வந்திருக்காது. அதே மனிதர்தான் 1953-இல், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளில் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டத்தைச் சொந்தக் கட்சியைக்கூடக் கலக்காமல் கொண்டுவந்தார். ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கு அந்தத் திட்டம் தோன்றியிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

அந்தத் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி விலகிய பிறகு நடந்த கட்சித் தலைவர் போட்டியில் காமராஜருக்கு 93 ஓட்டு, சி. சுப்பிரமணியத்துக்கு 41. 1954 ஏப்ரல் 13-ஆம் தேதி காமராஜர் முதல்வரானார். அப்போது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்ற உறுப்பினர். மாநிலச் சட்டமன்றத்திலோ மேலவையிலோ இடம் இல்லை. அரசியல் சட்டத்தின் 164-ஆவது பிரிவு கொடுத்த கெடு ஆறு மாதம். மேலவைக் கதவு அவருக்கும் திறந்தே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாமேதையே அந்த வழியாக வந்த முன்னுதாரணமும் இருந்தது. அதைத் தொடாமல், காலியாக இருந்த குடியாத்தம் தொகுதியில் நிற்கிறேன் என்றார் காமராஜர். விருதுநகர்க்காரர் ஒருவர், சொந்தச் சாதிக்காரர்களின் ஓட்டு வங்கி இல்லாத வட ஆர்க்காட்டுக்குப் போய் நின்றார்.

குடியாத்தம் நெசவாளர் ஊர். கைலிக்குப் பேர்போனது. அங்கே ஒரு வீட்டுக் குழித்தறியைப் பக்கத்தில் நின்று பார்த்தால், குலக்கல்வித் திட்டம் என்று பேர்வாங்கிய ராஜாஜியின் அந்தத் திட்டத்தின் பொருள் விளங்கும். நெசவாளி குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிப்பார். கை கயிற்றை இழுக்க, நாடா பாவுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்தால் தறி நின்றுவிடும். அந்தத் தாரை ராட்டையில் சுற்றிச் சுற்றிக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் வேலை. பள்ளிக்கூடம் போன நேரம் மட்டுமே அந்தப் பிள்ளை ராட்டையிலிருந்து தப்பிய நேரம். அதையும் பாதியாகக் குறைத்து, மீதியைத் தொழிற்கல்வி என்று அழைப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதை இந்த ஊருக்கு யாரும் மேடை போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. 1953 தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, அண்ணாவும் தோழர்களும் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்ற நினைவும் அப்போது பசுமையாக இருந்தது. காமராஜர் அரசு 1954 மே மாதத்தில் அந்தக் கல்வித் திட்டத்தைக் கைவிட்டது. அந்த முடிவோடுதான் அவர் வாக்காளர் முன் போய் நின்றார்.

இனி, இந்த இடைத்தேர்தலின் பெரும் அதிசயத்துக்கு வருகிறேன். 1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரஸைவிட்டு வெளியேறிய பெரியார், 29 ஆண்டுகள் அந்தக் கட்சியை ஒழிப்பதையே வேலையாகக் கொண்டிருந்தவர், குடியாத்தத்தில் ஒரு காங்கிரஸ் வேட்பாளருக்கு ஆதரவு தந்தார். அவரைப் பிரிந்து 1949-இல் திமுகவைத் தொடங்கிய அண்ணாவும் அதே வேட்பாளரை ஆதரித்தார். ஆசானும் மாணவரும் ஒரே மேடையில் ஏறாத காலம் அது; ஆனாலும் ஒரே மனிதர் ஜெயிக்க வேண்டும் என்று இருவரும் விரும்பினார்கள். பெரியாருக்கு இது ஒரு நாள் தேர்தல் வேலை அல்ல; 1967 வரை காங்கிரஸ் ஆட்சியைத் தாங்கிப் பிடித்த உறவின் தொடக்கம் இதுதான். ஒரு பொதுத்தேர்தலில் இந்த அணிச்சேர்க்கை நடந்திருக்க முடியாது. 200 தொகுதிப் பங்கீடும் கொள்கை அறிக்கையும் குறுக்கே வந்திருக்கும். ஒரு தொகுதி, ஒரு மனிதர், ஒரு கேள்வி என்று சுருங்கியதால்தான் பழைய பகைகளை ஒதுக்கிவைக்க முடிந்தது. இடைத்தேர்தலின் தனிச் சக்தி அதில் இருக்கிறது. காமராஜர் கம்யூனிஸ்ட் வேட்பாளரை வென்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்.

இவ்வளவு ஆதரவு இருந்தால் யாரும் ஜெயிப்பார்கள், இதில் என்ன துணிச்சல் என்று கேட்பவர்கள் உண்டு. ஆதரவு திரண்டது உண்மை. ஆனால் தொகுதி பத்திரமானதல்ல. காமராஜர் சாத்தூருக்குப் போய்விட்ட 1957 பொதுத்தேர்தலில் குடியாத்தத்தில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி.கே. கோதண்டராமன் வென்றார். முதல்வராக இருப்பதே இடைத்தேர்தலில் வெற்றியைத் தந்துவிடாது என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. உத்தரப் பிரதேச முதல்வர் திரிபுவன் நாராயண் சிங் 1971-இல் மணிராம் இடைத்தேர்தலில் தோற்றார். 2009 ஜனவரியில் ஜார்கண்ட் முதல்வர் சிபு சோரன் தமாரில் தோற்றார். இருவருமே பதவியை விட்டு இறங்கினார்கள். அந்த ஆபத்து குடியாத்தத்திலும் இருந்தது. தோற்றிருந்தால் ராஜாஜி ஆதரவாளர்களின் கை அன்றே ஓங்கியிருக்கும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. 1967-இல் அண்ணா முதல்வரானபோது அவரும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து மேலவை வழியாகத்தானே வந்தார், ராஜாஜி செய்தால் குற்றம், அண்ணா செய்தால் சரியா? கேட்க வேண்டிய கேள்விதான். இருவருக்கும் நடுவே ஒரு வேறுபாடு இருக்கிறது. 1967-இல் அண்ணாவின் தலைமையைச் சொல்லித்தான் திமுக ஓட்டுக் கேட்டது. 137 இடங்களில் மக்கள் அதற்கு ஒப்புதல் தந்தார்கள். அவரும் அதே தேர்தலில் தென்சென்னையில் வென்றிருந்தார். 1952-இல் ராஜாஜியைக் காட்டி யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. ஆனாலும், அண்ணா ஒரு தொகுதியில் நின்று வந்திருந்தால் அவருடைய புகழுக்கு இன்னும் மெருகு ஏறியிருக்கும் என்பதை அவரை நேசிக்கிறவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் காமராஜர் உயர்ந்து நிற்கிறார்.

இடைத்தேர்தலில் ஓட்டுக்குப் பணம் பாய்ந்த திருமங்கலத்துக்குப் பிறகு, பணப் பட்டுவாடாவால் 2017 ஏப்ரலில் தேர்தலையே ரத்து செய்ய நேர்ந்த ஆர்.கே. நகருக்குப் பிறகு, இடைத்தேர்தலைப் புகழ முடியுமா என்பது கடைசி ஆட்சேபம். காலியான இடத்தை ஜெயித்த கட்சியே நியமனத்தால் நிரப்பிக்கொள்ளட்டும் என்று சிலர் யோசனையும் சொல்கிறார்கள். அது மக்களின் கையிலிருந்து ஓட்டைப் பிடுங்கிக் கட்சி அலுவலகத்தில் கொடுப்பதாகும். 1952-இன் தவறை ஒவ்வொரு தொகுதிக்கும் விரிப்பதாகும். பணம் புகுந்தது தேர்தலை நடத்துகிறவர்களின் குற்றம், தேர்தலின் குற்றமல்ல. அதே ஆர்.கே. நகர் 2017 டிசம்பரில் ஆளுங்கட்சியைத் தோற்கடித்துச் சுயேச்சையான டி.டி.வி. தினகரனை 40,000-க்கு மேல் வித்தியாசத்தில் அனுப்பியது. அந்த முடிவை மெச்சாதவர்களும், ஆளுங்கட்சி நினைத்தது அங்கே நடக்கவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆள்பவரை வாக்காளரின் வாசலுக்கு வரவைக்கும் இந்த ஏற்பாட்டை அழுக்குப் பட்டுவிட்டது என்று தூக்கியெறியக் கூடாது; கழுவி எடுத்துக் காப்பாற்ற வேண்டும். முதல்வரே முன்வந்து தன்னைத் தீர்ப்புக்கு நிறுத்திக்கொண்ட குடியாத்தம்தான் அதற்கு அளவுகோல். அங்கே சேர்ந்த பெரியாரும் காமராஜரும் ஒருபுறம், தனிவழி போன அண்ணா மறுபுறம் என்று களம் பிரிந்த 1957-ஐ அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)