உளவள ஆலோசனைக் கல்வியும் மேற்பார்வையும்: மதுரைப் பகுதியை முன்வைத்து

முதுநிலை உளவியல் படிப்புகளைப் பற்றிய பேச்சில் 'முழுமைநோக்கு' என்ற அடைமொழி இப்போது தாராளமாகப் புழங்குகிறது. ஒரு பருவத்தில் யோகா, அடுத்ததில் கலைவழிச் சிகிச்சை, அதற்கடுத்ததில் குடும்பச் சிகிச்சை என்று தாள்களைக் கூட்டிக்கொண்டே போனால் மாணவர் முழு மனிதரைப் பார்க்கக் கற்றுவிடுவார் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். வந்தவர் பேசும் தமிழில், அவருடைய வீட்டையும் தெருவையும் சாதியையும் சாமியையும் அறிந்து, தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் நெடுநேரம் எதிரே உட்கார்ந்து கேட்டவருக்கே அந்தப் பார்வை வாய்க்கும். நம் முதுநிலைக் கல்வி சிக்கனம் பிடிப்பதும் அந்த நேரத்தில்தான்.

உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்க வேண்டும் என்று 1977இல் ஜார்ஜ் ஏங்கல் மருத்துவ உலகுக்கு வகுத்துச் சொன்னார். கோட்பாடு பெயர் பெறுவதற்கு முன்பே நடைமுறை இங்கே இருந்தது. 1950களில் அமிர்தசரஸில் மனநல மருத்துவர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது சிகிச்சையின் பகுதியானது. அதே 1957இல் கார்ல் ரோஜர்ஸ், மனம் மாறுவதற்குத் தேவையான நிபந்தனைகளை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். சிகிச்சையாளரின் உள்ளொத்திசைவு, நிபந்தனையற்ற ஏற்பு, பரிவுணர்வு ஆகியவை அவற்றின் மையம். நம் மாணவர்கள் இம்மூன்றையும் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதுவார்கள். அதே ரோஜர்ஸ் 1942ஆம் ஆண்டு நூலிலேயே ஓர் ஆலோசனைத் தொடர் முழுவதையும் ஒலிப்பதிவிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்து அச்சிட்டார். தன் வேலையைப் பிறர் கேட்கவும் குறை காணவும் அவர் திறந்து வைத்தார். ரோஜர்ஸைப் பாடமாக வைத்த நாம் அவருடைய இந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டோம்.

மதுரை வட்டாரத்துக்கு இத்துறையில் நல்ல அடித்தளம் உண்டு. மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, சிகிச்சையோடு மறுவாழ்வையும் பயிற்சியையும் இணைத்தது. திண்டுக்கல் அருகே நொச்சிஓடைப்பட்டியில் கப்புச்சின் துறவியர் நடத்தும் அனுகிரகா, ஆற்றுப்படுத்தலையும் உளச்சிகிச்சையையும் பயிற்றுவிக்கும் இடம். அங்கிருந்து வெளிவந்த டி. ஜான் ஆன்டனியின் ஆங்கிலப் பாடநூல்கள் இத்துறை மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானவை. ஆகவே இப்பகுதியில் பயிற்சியை வெறுங்கையோடு தொடங்க வேண்டிய நிலை இல்லை.

இதே வட்டாரம் இரண்டு கடுமையான பாடங்களையும் தந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பற்றியது. 28 பேர் இறந்தனர். நம்பிக்கை சார்ந்த இடங்கள் என்றாலே கொடுமை என்ற முடிவுக்கு அன்று பலர் வந்தார்கள். மறு ஆண்டே, 2002இல், ரகுராமும் உடனாய்வாளர்களும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை, அவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயர், அவர்கள் பார்த்தனர். சராசரியாக ஆறு வாரத் தங்கலில், மருந்தோ சடங்குச் சிகிச்சையோ இல்லாமலே, அறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. இது சிறிய ஆய்வு, ஒப்பீட்டுக் குழு இல்லாதது. மருந்துக்கு மாற்றாகக் கோயிலை நிறுத்த அது போதாது. ஆனால் ஆதரவான இடம், உடனிருக்கும் உறவு, அவமதிப்பு இல்லாத அன்றாடம் ஆகியவை மனநோயின் போக்கை மாற்றக்கூடும் என்று எண்ண அது இடம் தருகிறது. ஏர்வாடியையும் முத்துசாமி கோயிலையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆலோசகர், சாமியைப் பற்றி வாயெடுத்த நோயாளியை ஏளனம் செய்வார். இல்லையேல் மருந்து தேவைப்படுபவரைக் கோயிலுக்கே திருப்பி அனுப்புவார்.

அந்தச் சிக்கல் அறைக்குள் எப்படி வரும் என்பதைப் பார்க்க, வகுப்பு விவாதத்துக்கென்று அமைத்த ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். இடம் பழங்காநத்தம். மாட்டுத்தாவணி நிலையம் வருவதற்கு முன் தென்மாவட்டப் பேருந்துகள் வந்து நின்ற பகுதி. ரவுண்டானாவைச் சுற்றி நெருக்கமான தெருக்கள். ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். முப்பது வயதுப் பெண் ஒருவர் மாமியாரோடு வருகிறார். பேசுவது மாமியார்தான். "ரெண்டு மாசமா சரியாச் சாப்பிடுறதில்ல, தூங்குறதில்ல. பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு, கோரிப்பாளையத்துல தாயத்தும் கட்டியாச்சு." அந்தப் பெண், "நெஞ்சு அடைக்குது மேடம், தல கிறுகிறுங்குது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பயிற்சி மாணவி பேனாவை எடுப்பதற்குள் மாமியார் கேட்கிறார்: "நீங்க எந்த ஊரும்மா? என்ன ஆளுக?"

ஆலோசகர் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்பதற்குப் பாடநூலில் ஓர் இயல் இருக்கும். இந்தக் கேள்விக்கு அதில் விடை கிடையாது. சாதியைச் சொன்னால், அந்த நொடியே அந்தப் பெண் இங்கே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அளந்துவிடுவார். சொல்ல மறுத்தால் மாமியார் முகம் சுளிப்பார், அடுத்த வாரம் இருவரும் வரமாட்டார்கள். மாமியாரை வெளியே உட்காரச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன நடக்கும்? சொல்லாவிட்டால் அவர் எப்போது வாய் திறப்பார்? நெஞ்சடைப்பை மருத்துவரிடம் அனுப்பிப் பார்த்துவிட வேண்டிய பொறுப்பும் உண்டு. இவற்றுக்குச் சரியான விடை என்று ஒன்றை எழுதித் தர முடியாது. ஆனால் அமர்வு முடிந்த அன்றே, அனுபவமுள்ள ஒருவர் முன் உட்கார்ந்து, "அந்தக் கேள்வி கேட்டதும் எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது" என்று அந்த மாணவி சொல்ல முடிய வேண்டும். அவருடைய வேர்வை எங்கிருந்து வந்தது என்று மேற்பார்வையாளர் கேட்க வேண்டும். தன் சாதியை மறைத்தே படித்து வந்தவருக்கும், அதைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் வளர்ந்தவருக்கும் அங்கே வேறு வேறு வேலை இருக்கிறது. மதுரையில் உளவள ஆலோசனை கற்பிப்பவர் சாதியைப் பாடத்துக்கு வெளியே நிறுத்தினால், அவருடைய மாணவர் பாதி மனிதரையே பார்க்கக் கற்பார்.

வருபவர் அறிவுரையும் எதிர்பார்த்தே வருகிறார். மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நெகி 1973இல் குரு–சீடர் உறவை உளச்சிகிச்சைக்கான ஒரு மாதிரியாக முன்வைத்தது இதனால்தான் இன்னும் படிக்கத்தக்கது. வழிகாட்டும் மூத்தவர் என்ற இடத்தை ஆலோசகர் ஓரளவு ஏற்றால்தான் இங்கே உறவு தொடங்கும் என்பதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆயினும் நெகியை முழுவதுமாக ஏற்பதில் ஆபத்து இருக்கிறது. மாமியார் பேச, மருமகள் தலைகுனிந்திருக்கும் அறையில் குருவாக அமர்பவர், வீட்டில் உள்ள அதிகார வரிசையில் இன்னொரு படியாகிவிடுவார்.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளருக்கு இரண்டாண்டு முழுநேர மேற்பார்வைப் பயிற்சி அடங்கிய எம்.ஃபில். தகுதியை வரையறுக்கிறது. எம்.எஸ்சி. முடித்துக் கவுன்சிலிங் செய்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். அவரைத் தொழில்முறையாக அடையாளம் கண்டது 2021ஆம் ஆண்டுத் துணைநிலை, சுகாதாரத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டம். சுகாதாரத் தொழிலருக்கு அது கேட்பது மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரக் கல்வி. அச்சட்டத்தின் தொடர்ச்சியாக, 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு நிறுத்திவிட்டது. இம்முடிவு சரியானது. அஞ்சலில் வரும் பாடப்பொதியிலிருந்து ஒருவரும் கேட்கக் கற்றதில்லை. ஆனால் உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, தொலைநிலையில் மட்டுமே படிக்க முடிந்த பெண்களுக்கு இதனால் ஒரு கதவு மூடியிருக்கிறது. அவர்களுக்காக மாலைநேர, வாரஇறுதி நேரடி வகுப்புகளைத் திறப்பது பல்கலைக்கழகங்களின் கடமை. அவர்களைப் போன்றோர் இத்துறைக்கு வராமல் போனால் இழப்பு நோயாளிக்கே. 2015–16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் மனநலக் கோளாறு இருப்பதைக் கண்டது. பரவலான மனநலக் கோளாறுகளில் சிகிச்சை இடைவெளி 85 விழுக்காடு. மனநல மருத்துவர்களை மட்டும் வைத்து இந்த இடைவெளியை அடைக்க முடியாது.

சட்டம் மணி நேரத்தைக் கேட்கும். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கல்வி நிறுவனம்தான் தீர்மானிக்கும். கையெழுத்து வாங்கிய வருகைப் பதிவேட்டைக் கொண்டும் மணி நேரத்தை நிரப்பிவிடலாம். அதனால் மூன்று காரியங்களை வலியுறுத்துகிறேன். முதுநிலை மாணவரின் களப்பயிற்சி பெரிய மருத்துவமனையோடு நின்றுவிடாமல், பழங்காநத்தம் போன்ற குடியிருப்புப் பகுதிகளின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஓராண்டாவது நடக்க வேண்டும்; நெஞ்சடைப்பு என்று சொல்லி மக்கள் முதலில் ஏறும் படி அதுதான். அமர்வுக் குறிப்பு வந்தவரின் சொற்களிலேயே தமிழில் எழுதப்பட வேண்டும். அவர் ஒப்பினால் ஒலிப்பதிவும் வேண்டும், மேற்பார்வை முடிந்ததும் அழிக்கப்படும் என்ற உறுதியோடு. கடைசியாக, மேற்பார்வையில் ஆசிரியர் செலவிடும் நேரத்தைப் பாட வேளைக்குச் சமமாகப் பணிக்கணக்கில் சேர்க்க வேண்டும். மேற்பார்வையாளரும் வாரந்தோறும் தாமே ஆலோசனை செய்துவருபவராக இருக்க வேண்டும். ஒரு வகுப்பில் இருபது மாணவர் என்றால், ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம் கொடுக்கவே இருபது மணி நேரம் ஆகும். அதற்கு ஆளும் ஊதியமும் ஒதுக்க முடியாத துறை, இருபது பேரைச் சேர்க்காமல் எட்டுப் பேரைச் சேர்க்கட்டும்.